கோல்ஃப் ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) நேராகப் போகிற பந்து, ஸ்கோர் கார்டு கைக்கு வந்ததும் ஏன் கோணுகிறது?

பதினேழுக்காரன் கேட்டது:

வணக்கம். ஹேண்டிகேப் 17 (18 ஹோலுக்குச் சலுகையாகக் கிடைக்கும் ஸ்ட்ரோக் 17), வலக்கை ஆட்டம். ரேஞ்சில் 7 ஐயன் (நடுத்தூரத்துக்கான கிளப்) பத்துக்கு ஏழு நேராகப் போகிறது. மாத மெடலில் (எல்லா ஸ்ட்ரோக்கையும் எண்ணும் மாதப் போட்டியில்) மட்டும் மூன்று இடங்களில் ஆட்டம் கலைகிறது.

முதல் டீயில் (ஹோலின் தொடக்க இடத்தில்) டிரைவர், அதாவது அதிகத் தூரத்துக்கான கிளப், வலப்பக்கம் ஓடுகிறது. ஒரு டபுள் போகி (பார், அதாவது அந்த ஹோலுக்கு வகுத்த எண்ணிக்கையைவிட இரண்டு கூடுதல்) விழுந்தால் அடுத்த இரண்டு மூன்று ஹோலும் அதோடு சேர்ந்து போய்விடுகின்றன. மூன்று, நான்கு அடித் தூர பட் (கிரீன் என்கிற வழவழப்பான புல்தரையில் குழிக்குள் உருட்டும் ஷாட்) தவறுகிறது. அதுவும் கடைசி ஆறு ஹோலில்தான் அதிகம்.

ஸ்விங்கில் பெரிய குறை இல்லை என்பது கோச்சின் கருத்து. "பாசிட்டிவாக இருங்கள்" என்ற அறிவுரை நிறையக் கிடைத்துவிட்டது. பந்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. என்ன வரிசை, எத்தனை நொடி, கண் எங்கே, கை எப்படி என்று சொல்லக்கூடியவர்கள் சொல்லுங்கள்.

---

கோட்டுக்குப்பின் எழுதியது:

முதலில் அந்தப் "பத்துக்கு ஏழு" கணக்கைப் பார்ப்போம். ரேஞ்சில் ஒரே கிளப், ஒரே இலக்கு, சமதரை, பத்து நொடிக்கு ஒரு பந்து. முந்தைய பந்து எங்கே போனதோ அதற்கேற்ப உடம்பு தானாகத் திருத்திக்கொள்ளும். மைதானத்தில் அந்த வசதி கிடையாது. டிரைவர் அடித்து, ஐந்து நிமிடம் நடந்து, சரிவில் நின்று ஒரு 6 ஐயன். எல்லாமே முதல் பந்துதான். அதனால் உங்களுக்குத் தெரிய வேண்டியது முதல் பந்து எத்தனை முறை நேராகப் போகிறது என்பது. மனம் தடுமாறுகிறது என்று நினைப்பதில் பாதி, பயிற்சி செய்யும் முறையில் இருக்கிற ஓட்டை.

50 பந்து வாங்கினால் 20 பந்தை ஸ்விங் வேலைக்கு வையுங்கள். மீதி 30 பந்தில் ஆட்டம் ஆடுங்கள்: உங்கள் மைதானத்தின் முதல் ஹோலைக் கண்முன் வைத்து டிரைவர், பிறகு மிச்சத் தூரத்துக்கு உரிய ஐயன், பிறகு வெட்ஜ் (கிட்டத்திலிருந்து உயர்த்தி அடிக்கும் கிளப்). அடுத்தடுத்த இரண்டு பந்துக்கு ஒரே கிளப் கூடாது. பந்துக்குப் பந்து முக்கால் நிமிட இடைவெளி. ஒவ்வொன்றுக்கும் கீழே சொல்லும் ரொட்டீன் முழுசாக. சலிப்பாக இருக்கும், ஆனாலும் மைதானத்துக்கு எடுத்துப்போகக்கூடிய பயிற்சி இதுதான்.

ரொட்டீன். பந்துக்கு இரண்டு எட்டுப் பின்னால் தரையில் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். யோசனை எல்லாம் கோட்டுக்குப் பின்னால் முடிந்துவிட வேண்டும். (இந்தப் பிரிவினையைப் பிரபலமாக்கியவர்கள் வீராங்கனை அன்னிகா சோரென்ஸ்டாமுடன் வேலை செய்த பயிற்சியாளர்கள் பியா நில்சனும் லின் மேரியட்டும்.)

கோட்டுக்குப் பின்னால்: தூரம், காற்று, பந்து கிடக்கும் விதம், எந்தப் பக்கம் தவறினால் பரவாயில்லை. பிறகு கிளப். பிறகு இலக்கு. "ஃபேர்வே" (டீக்கும் கிரீனுக்கும் நடுவே வெட்டிய புல்வெளி) என்பது இலக்கு ஆகாது. அந்த மரத்தின் இடதுபக்கக் கிளை என்கிற அளவுக்குச் சின்னதாக வேண்டும். கடைசியாக முடிவை வாய்விட்டு ஒரு வரியில் சொல்லுங்கள்: "5 வுட், தண்ணீர்த் தொட்டிக்கு நேராக." (5 வுட், டிரைவரைவிடக் குட்டையான கிளப்.) சொல்லும்போது வாய் தயங்கினால் முடிவு இன்னும் எடுபடவில்லை என்று பொருள், அங்கேயே நின்று திரும்பவும் எடுங்கள். பின் ஒரு மூச்சு, நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. நீளமாக வெளியே விடுகிற மூச்சுதான் இதயத் துடிப்பைத் தணிக்கும்; ஆழமாக இழுத்து அடக்கிக்கொண்டு அடிப்பவர்களுக்குத் தோள் இறுகிப்போகும்.

கோட்டைத் தாண்டியபின்: பந்துக்கு ஓரடி, இரண்டடி முன்னால் இலக்குக் கோட்டிலேயே ஒரு புல்லையோ பழைய டிவட்டையோ (கிளப் பெயர்த்த புல்தடத்தையோ) குறித்துக்கொண்டு கிளப் முகத்தை அதற்கு நேராக வையுங்கள். பழம்பெரும் வீரர் ஜாக் நிக்லாஸ் ஆடிய காலத்திலிருந்து பலரும் கையாளும் வழி இது. 200 யார்டு தூரத்துக்கு முகத்தை நேர்ப்படுத்துவதைவிட இரண்டடிக்கு நேர்ப்படுத்துவது எளிது. கால் வைத்து, இலக்கை ஒரே ஒரு முறை பார்த்து, கண் பந்துக்குத் திரும்பியதும் ஸ்விங். கோட்டைத் தாண்டியதிலிருந்து பந்தில் படும்வரை 8 முதல் 12 நொடி. அதற்குமேல் நின்றால் உடம்பு அசைவற்றுப் போகும், கை இறுகும், சந்தேகத்துக்கு இடம் கிடைக்கும். இடையில் எது குறுக்கிட்டாலும் பின்வாங்கி முதலிலிருந்து தொடங்குங்கள். "சரி, அடித்துவிடுவோம்" என்று அடித்த ஷாட்டுகள்தான் கார்டில் பெரிய எண்களாக நிற்கும்.

டிரைவர் வலப்பக்கம் போவதற்குக் காரணம் பெரும்பாலும் பிடி. பிடியின் அழுத்தத்தைப் பத்துக்கு அளந்தால் ரேஞ்சில் நாலாக இருப்பது, நாலு பேர் பார்க்கும் டீயில் ஏழு எட்டுக்குப் போய்விடும். முன்கை இறுகினால் மணிக்கட்டு நேரத்துக்குத் திரும்பாது. கிளப் முகம் திறந்தே, அதாவது வலப்பக்கம் பார்த்தபடியே, பந்தில் படும். கூடவே மேலிருந்து கீழே வரும் அவசரமும் சேர்ந்துகொள்ளும். கால் வைத்ததும் ஒரு முறை பத்துக்கு இறுக்கிப் பிடித்து, நாலுக்குத் தளர்த்துங்கள். "தளர்வாகப் பிடி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதைவிட இது வேலை செய்யும், ஏனென்றால் கைக்கு வித்தியாசம் தெரிந்துவிடுகிறது.

முதல் டீ கிளப்பை முந்தின நாள் இரவே முடிவுசெய்துவிடுங்கள். வார்ம் அப்பின் கடைசி மூன்று பந்து அதே கிளப், அதே ரொட்டீன். டிரைவரை நம்ப முடியாத மாதத்தில் 5 வுட் எடுங்கள். முப்பது யார்டு குறைவது சின்ன நஷ்டம். எல்லைக்கு வெளியே போனால் ஸ்ட்ரோக்கும் தூரமும் சேர்ந்து போகும்: ஒரு ஸ்ட்ரோக் தண்டம், அடித்த இடத்திலிருந்தே மறுபடியும் அடிக்க வேண்டும்.

ஸ்விங் எண்ணம் எதுவும் வேண்டாம். இலக்கு மட்டும்.

---

நாலேகால்_அங்குலம் எழுதியது:

பட் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

குழியின் விட்டம் 4.25 அங்குலம். நேரான மூன்றடி பட்டில் பந்தின் மையம் குழியின் விளிம்புக்குள் விழ, இரண்டு பக்கமும் சுமார் 3.4 டிகிரி இடம் இருக்கிறது. ஆறடியில் அது 1.7 டிகிரி, பத்தடியில் 1 டிகிரி. பந்து மெதுவாக வந்தால் இந்த இடம் ஏறக்குறைய முழுசும் கிடைக்கும். வேகம் கூடக்கூடக் குழி சுருங்கும். 17 ஹேண்டிகேப்காரரின் பட்டர் முகம் 3 டிகிரி திறந்து போவது சாதாரணமாக நடப்பதில்லை. ஆகவே மூன்றடியில் தவறுவது குறிபார்க்கத் தெரியாததால் அல்ல. பயத்தில் கை இரண்டில் ஒன்றைச் செய்கிறது: பந்துக்கு அருகில் வந்ததும் வேகத்தைக் குறைக்கிறது, அல்லது குழியைப் பார்க்கும் அவசரத்தில் தலையும் தோளும் திறந்து பட்டரை இடப்பக்கம் இழுக்கிறது. முதலாவதில் முகம் ஆடும், பந்து செத்துப் போய்ச் சரிவில் விலகும்.

இரண்டுக்கும் மருந்து கண்ணில்தான். கால்கேரி பல்கலைக்கழகத்தின் ஜோன் விக்கர்ஸ் "அமைதிக் கண்" என்று சொல்லக்கூடிய பார்வைப் பழக்கத்தைப் பட்டிங்கில் ஆராய்ந்தவர். நன்றாகப் பட் செய்பவர்களின் கண், ஸ்ட்ரோக் தொடங்குவதற்கு முன்பே பந்தின் ஒரு புள்ளியில் நிலைத்துவிடுகிறது. பந்து போன பிறகும் அதே தரையில் ஒரு கணம் நிற்கிறது. தடுமாறுபவர்களின் கண் பந்து, பட்டர், குழி என்று அலைகிறது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: குழியை ஒரு முறை பாருங்கள், கண்ணைப் பந்தின் பின்புறத்தில் ஒரே ஒரு குழிப்புள்ளிக்குக் கொண்டுவாருங்கள், மனதுக்குள் "ஒன்று, இரண்டு", ஸ்ட்ரோக். பந்து போன பிறகு அது இருந்த புல்லையே பாருங்கள். நாலடிக்குள் உள்ள பட்டில் விழுகிற சத்தத்தைக் காதால் கேளுங்கள், கண்ணால் தேடாதீர்கள்.

பயிற்சி: பட்டர் தலையைவிட அரை அங்குலம் அகலமாக இரண்டு டீ (பந்தைத் தாங்கும் சிறு ஆணி) ஊன்றி அதன் நடுவே பட் செய்யுங்கள். பத்து நிமிடம் போதும். அடுத்து குழியைச் சுற்றி நாலு திசையிலும் மூன்றடியில் ஒரு டீ ஊன்றி, மூன்று சுற்று, வரிசையாகப் பன்னிரண்டு பந்து. ஒன்று தவறினாலும் பூஜ்யத்திலிருந்து. பத்தாவது, பதினொன்றாவது பந்தில் கை லேசாக நடுங்கும் பாருங்கள், அந்த நடுக்கத்தைத்தான் பயிற்சியில் கொண்டுவர வேண்டும். நடுங்கும் கையோடு பட் செய்து பழகாதவருக்கு மெடலில்தான் அது முதல்முறை வரும்.

வேகம்: குழி இல்லாவிட்டால் ஓரடி, ஒன்றரையடி தாண்டி நிற்கிற அளவு. அடித்துச் செருகுவது தைரியம் போலத் தோன்றும். ஆனால் குழியை நீங்களே பாதியாக்கிக்கொள்கிறீர்கள்.

எட்டடியில் உலகின் முன்னணி ஆட்டக்காரர்களே ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான் போடுகிறார்கள். எட்டடி தவறியதற்காக அடுத்த டீவரை முகம் சுளித்துக்கொண்டு போவது நியாயமில்லை. மூன்றடிக்கு மட்டும் வருந்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. பயிற்சிக் கிரீனில் யாரும் இல்லாதபோதும் கை வெட்டி இழுக்கிறது, அதுவும் பந்தில் படுகிற அந்தக் கணத்தில் என்றால் அது வேறு சங்கதி, யிப்ஸ். சிலருக்கு அது பயத்தால் வருவது. சிலருக்கு நரம்பு, தசை சார்ந்தது. இரண்டாவது வகையை மூச்சுப் பயிற்சியால் ஓட்ட முடியாது. பிடியை மாற்ற வேண்டும்: இடக்கையைக் கீழே வைக்கும் பிடி, அல்லது வலக்கையை நகம்போல் பக்கவாட்டில் வைக்கும் கிளா பிடி. மூளைக்குப் புதிய அசைவு என்பதால் பழைய வெட்டு அதில் வராமல் போக வாய்ப்பு அதிகம். ஜெர்மன் வீரர் பெர்ன்ஹார்ட் லாங்கர் பலமுறை யிப்ஸில் மாட்டினார். ஒவ்வொரு முறையும் பிடியையோ பட்டரையோ மாற்றி மீண்டார், 1985-லும் 1993-லும் மாஸ்டர்ஸ் (அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தில் நடக்கும் பெரும் போட்டி) வென்றார்.

---

நிகரபோகி எழுதியது:

மேலே இருவரும் பந்துக்குப் பக்கத்தில் நடப்பதைச் சொல்லிவிட்டார்கள். டபுள் போகிக்குப் பிறகு சரிவது பந்துகளுக்கு இடையில் நடப்பது.

முதலில் கணக்கு. 17 ஹேண்டிகேப்புக்கு ஒரு ஹோல் தவிர எல்லாவற்றிலும் ஒரு ஸ்ட்ரோக் சலுகையாகக் கிடைக்கிறது. உங்களுக்கு போகிதான் (பாரைவிட ஒன்று கூடுதல்) பார். பார் 4-ல் 6 எடுத்தால் நிகரக் கணக்கில் (சலுகை கழித்தபின்) ஒன்றுதான் கூடுதல். ஹேண்டிகேப் கணக்கில் ஒரு ஹோலுக்கு நிகர டபுள் போகிக்கு மேல் ஏறாது. ஸ்ட்ரோக் கிடைக்கும் பார் 4-ல் அது 7. மெடல் கார்டில் எல்லாமே சேரும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு டபுள், நாளைக் கெடுப்பதில்லை. அதை உடனே மீட்டுவிட வேண்டும் என்று அடுத்த ஹோலில் டிரைவரை ஓங்கி அடித்து, மரத்துக்கு நடுவே மூன்றடி இடைவெளியில் பந்தை விட முயல்வதுதான் கெடுக்கிறது. உங்கள் பழைய கார்டுகளை எடுத்துப் பாருங்கள். டபுளுக்கு அடுத்த ஹோலில் டீயில் என்ன கிளப் எடுத்தீர்கள் என்று நினைவிருந்தால் விடை அங்கேயே இருக்கும்.

2025 மாஸ்டர்ஸைப் பாருங்கள். ரோரி மெக்கில்ராய் அந்த வாரம் நாலு டபுள் போகி போட்டார். கடைசி நாள் முதல் ஹோலிலேயே ஒன்று. 13-வதில் பக்கத்திலிருந்து அடித்த வெட்ஜ் ஓடைக்குள் போய் இன்னொன்று. 18-வதில் வென்றிருக்கக்கூடிய சின்ன பட்டையும் விட்டார். பிளே ஆஃபில் ஜஸ்டின் ரோஸை முதல் ஹோலிலேயே பர்டி (பாரைவிட ஒன்று குறைவு) போட்டு வென்றார். அதே அகஸ்டாவில் 2011-ல் நாலு ஷாட் முன்னிலையோடு கடைசி நாளைத் தொடங்கி, 10-வதில் 7 எடுத்து, அடுத்த இரண்டு ஹோலிலும் சரிந்து 80-ல் முடித்தவரும் அவர்தான். தவறு இரண்டு தடவையும் நடந்தது. ஒரு தவறுக்குப் பிறகு வந்த ஷாட்டுகள்தான் வேறு.

நடைமுறை இது. கோபத்துக்கு ஓர் எல்லை வையுங்கள்: பந்து கிடந்த இடத்திலிருந்து பத்து எட்டு நடை. அதுவரை மனதுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம். பத்தாவது எட்டில் கையுறையைக் கழற்றுங்கள். கழற்றினால் அந்த ஷாட் முடிந்தது. கோபத்தை முற்றிலும் அடக்கச் சொல்பவர்கள் சொல்லட்டும். அடக்கியது அடுத்த டீயில் பிடியில் வந்து உட்காரும். நடக்கும்போது ஒரே ஒரு கேள்வி: முடிவு தப்பா, அடி தப்பா, அல்லது நல்ல அடிக்கு மோசமான துள்ளலா? கார்டின் ஓரத்தில் மு, அ, து என்று ஓர் எழுத்து. அதோடு சரி. ஸ்விங்கை ஆராய்வது வீட்டுக்குப் போய்.

நாலு மணி நேரமும் கவனத்தைக் குவித்து வைக்க முயலாதீர்கள். 90 ஷாட், ஷாட்டுக்கு 40 நொடி என்று வைத்தாலும் ஒரு மணி நேரம்தான் வேலை. மீதி மூன்று மணி நேரம் மரத்தைப் பாருங்கள், கூட ஆடுபவரோடு கிரிக்கெட் பேசுங்கள். கடைசி ஆறு ஹோலில் பட் தவறுகிறது என்றீர்களே, அதற்கு இந்தக் களைப்பு ஒரு காரணம். நம் ஊர் வெயிலில் தண்ணீர் இன்னொன்று. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு டீயிலும் சில மடக்கு, ஒன்பதாவது ஹோலில் உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ, கூட ஒரு வாழைப்பழம் அல்லது கடலை மிட்டாய்.

அடுத்தது முடிவுகள். 1999, ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி மைதானம், பிரிட்டிஷ் ஓப்பன். பிரெஞ்சு வீரர் ழான் வான் டி வெல்ட் மூன்று ஷாட் முன்னிலையோடு 18-வது டீக்கு வந்தார். பார் 4. 6 எடுத்தாலே கோப்பை. டிரைவர் வலப்பக்கம் விலகியது. 2 ஐயனால் கிரீனை நோக்கி அடித்தது பார்வையாளர் மேடையில் பட்டு, ஓடைச் சுவரில் துள்ளி, பின்னால் அடர்ந்த புல்லில் விழுந்தது. அந்த இரண்டாவது ஷாட்டை எல்லோரும் குறை சொல்கிறார்கள். மேடையில் பட்டது துரதிர்ஷ்டம் என்றே நினைக்கிறேன். பெரிய தப்பு மூன்றாவதில். அடர்புல்லிலிருந்து பக்கவாட்டில் ஃபேர்வேக்கு எடுத்துவிட்டு, நாலாவது கிரீனில், இரண்டு பட் என்றால் 6. அவர் ஓடைக்கு மேலே கிரீனை நோக்கி அடித்தார். பந்து பாரி பர்ன் ஓடையில். கடைசியில் 7, பிளே ஆஃப், கோப்பை பால் லாரிக்கு. நெருக்கடி வந்தால் "இந்த ஹோலில் எனக்கு எத்தனை போதும்" என்ற கேள்வி மறந்துபோகிறது. அதை வாய்விட்டுக் கேட்பது ரொட்டீனின் பகுதியாக வேண்டும்.

தண்ணீருக்கு மேல் அடிக்கும்போது உங்கள் 7 ஐயனின் மிக நல்ல தூரத்தை எடுக்காதீர்கள். பத்தில் எட்டு முறை பந்து தரையில் விழாமல் எவ்வளவு பறக்கிறதோ அதுதான் கணக்கு. குழியின் கொடி எங்கே இருந்தாலும் இலக்கு கிரீனின் நடு. "தண்ணீரில் போடாதே" என்று சொல்லிக்கொள்ளவும் கூடாது. உளவியலாளர் டேனியல் வெக்னரும் உடனிருந்தவர்களும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், "குறியைத் தாண்டவிடாதே" என்று சொல்லிக்கொண்டு பட் செய்தவர்கள், மனதில் ஓர் எண்ணையும் சுமக்க வேண்டியிருந்தபோது அதிகமாகவே தாண்டவிட்டார்கள். மெடலில் உங்கள் மனம் எப்போதும் ஓர் எண்ணைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறது.

கேடி (கிளப் பையைத் தூக்கி வருபவர்) அண்ணனிடமும் முதல் டீயிலேயே சொல்லிவிடுங்கள்: "தூரம், காற்று, பட்டுக்குச் சரிவு, இது மூன்றும் சொல்லுங்கண்ணே. நான் பந்துகிட்ட போனப்புறம் எதுவும் சொல்ல வேண்டாம்." அவர் நல்ல எண்ணத்தில் கடைசி நொடியில் சொல்லும் "லெஃப்ட்ல பங்கர் இருக்கு சார்" (பங்கர், மணல் பள்ளம்) கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிடும்.

ஒன்றில் மட்டும் கோட்டுக்குப்பின் நண்பரோடு ஒத்துப்போகவில்லை. "ஸ்விங் எண்ணமே வேண்டாம்" என்பது ஒற்றை இலக்க ஹேண்டிகேப்புக்குப் பொருந்தும். உளவியலாளர் சயன் பெய்லாக் குழுவின் பட்டிங் ஆய்வுகளில், தேர்ந்தவர்கள் தங்கள் அசைவைக் கவனித்தபோது கெட்டது. புதியவர்களுக்கு அந்தக் கவனம் உதவியது. 17 நடுவில் இருக்கிறது. ஒரே ஒரு எண்ணம் வைத்துக்கொள்ளலாம், உடம்பின் உறுப்பைப் பற்றி இல்லாமல் இருந்தால்.

---

பதினேழுக்காரன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. கார்டுகளைப் பார்த்தேன், டபுளுக்கு அடுத்த டீயில் டிரைவர்தான், பெரும்பாலும். இரண்டு சந்தேகம். இவ்வளவு செய்தால் பின்னால் வரும் குழு காத்திருக்காதா? அந்த ஒரே எண்ணத்துக்கு ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

---

கோட்டுக்குப்பின் எழுதியது:

உங்கள் முறை வந்து, தடையில்லாமல் ஆடக்கூடிய நிலையில் இருந்தால் 40 நொடிக்குள் அடிக்கச் சொல்கிறது விதிப் புத்தகம். தூரம், காற்று, கிளப் மூன்றையும் மற்றவர் அடிக்கும்போதே பார்த்து முடித்துவிடுங்கள். முறை வந்தபின் மிச்சம் இருப்பது இலக்கு, ஒரு வரி, ஒரு மூச்சு, பத்து நொடி. மொத்தம் 25 நொடியில் முடியும். நேரத்தைத் தின்பது ரொட்டீன் அல்ல. நாலு ஒத்திகை ஸ்விங். ஒன்றாகக் குறையுங்கள். ஒருவரை ஃபோனில் நேரம் அளக்கச் சொல்லிப் பாருங்கள்.

நிகரபோகி சொன்ன திருத்தத்தை ஏற்கிறேன். 17-க்கு நான் சொன்னது கொஞ்சம் கறார்.

---

நிகரபோகி எழுதியது:

எண்ணத்துக்கு உதாரணம்: தாளம். கிளப் மேலே போக மூன்று பங்கு நேரம், கீழே வர ஒரு பங்கு. தேர்ந்த ஆட்டக்காரர்கள் பலரிடம் ஏறக்குறைய இந்த விகிதம்தான் இருக்கும். மேலே போகும்போது "ஒன்று-இரண்டு-மூன்று", பந்தில் படும்போது "நாலு". நம் காதுக்குத் தகதிமி இன்னும் எளிது: தகதி மேலே, மி பந்தில். அவசரப்பட்டால் "தி" கேட்காமல் போகும், உங்களுக்கே தெரிந்துவிடும். பட்டுக்கு இதைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே கண் மட்டும்.

இன்னொன்று. அடுத்த மூன்று மெடலுக்கு ஸ்கோருக்குப் பக்கத்தில் இன்னொரு எண் எழுதுங்கள்: அந்த ஹோலில் எத்தனை ஷாட்டுக்கு ரொட்டீன் முழுசாகச் செய்தீர்கள். 5 எடுத்த ஹோலில் 5 இருக்கலாம், 3 இருக்கலாம். பந்து எங்கே போனது என்பது இதில் சேராது. பங்கரில் விழுந்தாலும் ரொட்டீன் நடந்திருந்தால் ஒன்று போடுங்கள். முதல் தடவை பாதிகூட வராது. இரண்டு எண்ணுக்கும் இடைவெளி எந்த ஹோல்களில் பெரிதாகிறது என்று பார்த்து இங்கே எழுதுங்கள். 13-க்கு மேல் என்றால் தண்ணீர், சாப்பாடு. டபுளுக்கு அடுத்தது என்றால் கையுறை. முதல் ஹோல் என்றால் வார்ம் அப்பை மாற்ற வேண்டும்.